திருகோணமலையில் ட்ரூயிட் முறைக் கோடைக் கதிர்த்திருப்பம்

ட்ரூயிட் நெறியினர் ஆண்டின் மிக நீண்ட பகலை ஆல்பன் ஹெவின் என்று கொண்டாடுகிறார்கள். ட்ரூயிட்கள் என்போர் பழங்காலப் பிரித்தானியாவின் கெல்டிக் குருமார். அவர்கள் தங்கள் சடங்குகளை எழுதிவைக்கவில்லை. இன்று நடப்பது 18ஆம் நூற்றாண்டில் துளிர்த்த முறை. 1792 ஜூன் 21 அன்று வேல்ஸ் கவிஞர் இயோலோ மோர்கனுக் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கூட்டிய கவிமன்றம் அதன் பெரிய தொடக்கங்களில் ஒன்று. நம் பஞ்சாங்கத்தில் தட்சிணாயனம் ஆடிப்பிறப்பன்றுதான் வரும். வானில் சூரியன் திரும்புவதோ ஆனி முதல் வாரத்தில், ஜூன் 21 அளவில். ஆடிக்கூழ் வரை காத்திருக்க வேண்டாம்.

சடங்கு வட்டத்தின் நான்கு திசைகளிலும் நெருப்பு, மண், காற்று, நீர் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பொருள் வைப்பார்கள். பிரித்தானியாவில் நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும், அதனால் நெருப்பைத் தெற்கில் வைக்கிறார்கள். திருமலையில், அதாவது திருகோணமலையில், அன்று நண்பகலில் சூரியன் உச்சிக்கு 15 பாகை வடக்கே நிற்கும். அவர்கள் புத்தகத்தில் உள்ளபடியே தெற்கில் வைத்தால், நெருப்பைப் பார்த்து நிற்கும் எல்லோரும் சூரியனுக்கு முதுகு காட்டுவார்கள். ஆகவே நெருப்பு வடக்கே, மண்ணோ கல்லோ தெற்கே. காற்றுக்குக் கிழக்கில் சாம்பிராணி, மேற்கில் ஒரு செம்பு தண்ணீர், இவை மாறா.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அலை எட்டாத மணலில் முதல் நாளே வேலையைத் தொடங்குங்கள். 1 மீற்றர் நேர்க்கம்பை நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தா என்று பாருங்கள். கம்பு சரிந்தால் கணக்கெல்லாம் பிழைக்கும். காலை 11 மணிக்கு நிழல் நுனியில் ஒரு முளை அடித்து, அந்தத் தூரத்தில் கம்பைச் சுற்றிக் கயிற்றால் வட்டம் கீறுங்கள். 1.15 அளவில் நிழல் நுனி வட்டத்தை மீண்டும் தொடும். அங்கே இன்னொரு முளை. இரண்டுக்கும் நடுப்புள்ளியிலிருந்து கம்புக்குக் கோடு போட்டால் அதுதான் வடக்கு–தெற்கு.

மறுநாள் 12.07 அளவில் நிழல் அந்தக் கோட்டில் விழும். தெற்கு நோக்கி, ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர். நிழல் மிகக் குறுகும் கணத்தை நீளத்தால் பிடிக்க முயலாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் நீளம் சில மில்லிமீற்றர்தான் மாறும், நுனியோ 4 சென்ரிமீற்றர் நகரும். கோட்டைத் தொடும் கணமே நண்பகல். சூரியனை நேரே பார்க்க வேண்டியதே இல்லை.

எட்டுப் பேருக்குக் கம்பை மையமாக வைத்து 2 மீற்றர் கயிற்றில் வட்டம் போதும். உச்சி வெயிலில் வெறுங்காலுடன் மணலில் நிற்க முடியாது. நான்கைந்து வாளி கடல்நீர் ஊற்றி நனையுங்கள். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் வடக்கே உள்ள நெருப்பின் புகை வட்டத்துக்குள் வராது, அது நல்லது. சாம்பிராணியும் அதே காற்றில் போய்விடும், அதனால் அதைக் கையிலெடுத்து வட்டத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நெருப்புக்கு விறகு வேண்டாம். பாதி மணல் நிரப்பிய மண்சட்டியில் சிரட்டைக்கரி போதும், பொறி பறக்காது.

11.45க்கு ஒருவர் வட்டத்தின் ஓரம் போய் வெளியே பார்த்து “வடக்கே அமைதி நிலவட்டும்” என்பார். பிறகு தெற்கு, மேற்கு, கிழக்கு. அமைதி கூறாமல் எதையும் தொடங்குவதில்லை, இதை அவசரப்படுத்தாதீர்கள். அடுத்து சாம்பிராணியும் தண்ணீரும் வலம் வரும். ஜூன் சூரியன் வடக்கால் போவதால் அதன் வழி இங்கே இடஞ்சுழி. ஆனாலும் வலமே வாருங்கள்: இடஞ்சுற்றுவது நம்மிடம் அபரக்கிரியைக்கு, அதாவது இறப்புச் சடங்குக்கு, உரியது, ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் திருமலைச் சூரியனும் தெற்கால் வலஞ்சுழியாகவே போகிறது.

நிழல் கோட்டைத் தொட்டதும் நுனியில் ஒரு பூவரசம்பூ வையுங்கள். காலையில் மஞ்சளாக விரியும் அந்தப் பூ மாலைக்குள் சிவந்து சுருங்கும். வளர்ந்த பகல் இனிக் குறையும் என்பதற்கு இதைவிட நல்ல பூ இல்லை. “ஆ–ஊ–என்” என்று மூச்சு முடியும்வரை இழுத்து மூன்று முறை ஓதுங்கள். அவென் என்ற வேல்ஸ் சொல் அது, கவி ஊறும் அருள் என்று பொருள். பின் விரும்பியவர் ஒரு பாட்டுப் பாடலாம்.

ரொட்டியும் தேன்மதுவும் பகிர்வது வழக்கம். இங்கே நான்கு குரக்கன் ரொட்டி, தேன்மதுவுக்குப் பதிலாக 1 லீற்றர் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி தேன். முதல் துண்டும் முதல் மிடறும் மண்ணுக்கு.

திசைகளுக்கு நன்றி சொல்லி 12.30க்குள் முடியுங்கள். தணலை மணலில் புதைக்க வேண்டாம். மணிக்கணக்காகச் சூடு ஆறாது, வெறுங்காலுடன் வரும் பிள்ளைகள் மிதித்துவிடுவார்கள். கடல்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் சட்டி வெடிக்கும். ஆவி நின்றபின் கரியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.