பழைய மோட்டார் படகில் ஸ்டியரிங் கேபிள் மாற்றும்போது

ஒகேனக்கல் பரிசலுக்குத் துடுப்பு போதும். அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) பூட்டிய படகில் ஸ்டியரிங்கை எஞ்சினோடு இணைக்கும் கேபிள் அறுந்தால் ஸ்டியரிங் சும்மா சுற்றும், படகு திரும்பாது. அவதானப்பட்டி ஏரியில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

கிருஷ்ணகிரியில் தேடி அலையாமல் புதிய கேபிளைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். அதற்கு முன் நீளம் சரியாகத் தெரிய வேண்டும். பழைய கேபிளின் உறையிலேயே எண் அச்சிட்டிருக்கும். பல கேபிள்களில் கடைசி இரண்டு இலக்கம்தான் அடிக்கணக்கு. எண் அழிந்திருந்தால் பிளாஸ்டிக் உறையை மட்டும் அளந்து, சுழல்வகை (ரோட்டரி) ஸ்டியரிங் என்றால் 18 அங்குலம் கூட்டி, அடுத்த முழு அடிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றுவதுதான் பெரிய பாடு. எஞ்சினைத் தூக்கி இறக்கும்போது அச்சாக இருக்கும் குழாய்க்குள் கேபிளின் கம்பி காய்ந்த கிரீஸிலும் துருவிலும் இறுகிக் கிடக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அப்புறம் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினால் நகரும். இரும்பால் நேரே அடித்தால் குழாயின் மரை கெட்டுவிடும்.

பழைய கேபிளை உருவும்போதே அதன் நுனியில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள், புதியது அதே வழியில் வந்துவிடும். குழாயின் உட்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, படகுக்கான கிரீஸ் தடவிய பிறகே கம்பியை நுழையுங்கள். கேபிளை எங்கும் கூர்மையாக வளைக்காதீர்கள். பூட்டு நட்டு புதிதாகவே போடுங்கள், பழையது வேண்டாம்.

ஏரியில் இறக்கும் முன் கரையிலேயே இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள்.