கார் சாவியைத் திருகினால் 'டிக்' மட்டும் கேட்கிறதா?

திரும்பத் திரும்ப சாவியைத் திருகாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் பேட்டரிதான். என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வரும் வண்டிகளில், பேட்டரியில் ஒயர் மாட்டும் முனையில் (டெர்மினல்) வெள்ளையாகப் பூத்துக்கிடப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். 10 நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுத் தேய்த்துத் துடைத்து, இறுக்கி மாட்டுங்கள்.

அப்படியும் எழவில்லையா? ஜம்பர் கேபிள், அதாவது இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியிலிருந்து கரன்ட் எடுக்கும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள். சிவப்பை இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனையைத் தயவுசெய்து உங்கள் பேட்டரியில் வைக்காதீர்கள். பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் கவ்வவிடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனில் பொறி பட்டால் வெடிக்கும், முகத்துக்கு நேரே.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்: சாவி ஆனில், இரண்டாவது கியர்.