வெள்ளி வளையத்துல பொடி ஓடாம படுத்துன கதை, என் அனுபவம்

வாரம் ஒரு நகை கையால செய்யணும்னு எனக்கு நானே வச்சுக்கிட்ட சவால்ல ஆறாவது வாரம் நிலாக்கல் மோதிரம். காங்கேயம் பக்கத்துக் கல்லு, சாய்ச்சா உள்ள நீலமா ஒரு ஒளி ஓடும், அவ்ளோ அழகு. ஆனா கல்லைச் சுத்தி வர்ற மெல்லிசு வெள்ளி வளையத்தை அடித்தகட்டுல பொடி (சூட்டுல உருகி ஓடி ரெண்டு வெள்ளியையும் சேக்குற கலப்பு உலோகம்) வச்சு ஒட்ட வைக்கிறதுக்குள்ள மூணு வளையம் உருகிப் போச்சு, நெஜமா அழுகையே வந்துருச்சு.

சேலம் செவ்வாப்பேட்டையில கொலுசு வேலை பாக்குற ஒரு பெரியவர்கிட்ட காட்டுனேன். "சூடு எங்க அதிகமோ பொடி அங்கதாம்மா ஓடும், நீ வளையத்துல நெருப்பக் காட்டுனா அது மேல ஏறிக்கும்"னாரு. பொடி இடைவெளிய அடைக்காதாம், அதனால முதல்ல வளையத்தோட அடிய அரத்தாள்ல தட்டையா தேய்ச்சு வெளிச்சம் தெரியாத மாதிரி உக்கார வச்சேன், பொடி நல்லா ஓட உதவுற வெண்காரம் தடவி, பொடிய உள்பக்கம் வச்சு, நெருப்ப தகட்டைச் சுத்தி மட்டும் காட்டிக்கிட்டே இருந்தேன், திடீர்னு பளிச்சுனு ஒரு கோடு சுத்தி ஓடுச்சு பாருங்க!

கல்லை மட்டும் எல்லா சூட்டு வேலையும் முடிஞ்சு ஆறுனப்புறந்தான் பதிங்க, நிலாக்கல் சூட்டுல விரிசல் விட்டுரும். அடுத்த வாரம் தோடு, ரெண்டும் ஒரே அளவுல வரணும்.