சங்கத்துச் செயற்குழுவில் சேரக் கூப்பிட்டால்: முதல் வருடத்துக்கான செய்முறை

"தம்பி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். லிஸ்ட்டுல பேரு இருந்தாப் போதும்."

டெல்டா ஊர்களில் புது ஆளைச் செயற்குழுவுக்கு இப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்னாள் மாணவர் சங்கம், குளம் தூர்வாரும் அமைப்பு, நூலகம், முதியோர் இல்லம், எதுவானாலும் இதே வாசகம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பதிவு பெற்ற சங்கத்தில் பெயர் மட்டும் சும்மா இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து கேட்பார்கள், கையெழுத்துக்குப் பின்னால் கணக்கு வரும். அதனால் படிப்படியாகப் போவோம்.

படி 1: சரி என்பதற்கு முன் காகிதம் கேளுங்கள்

"அண்ணே, ரொம்ப சந்தோஷம். பைலாவையும் போன வருஷ ஆடிட் ரிப்போர்ட்டையும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேனே." இவ்வளவு போதும். (பைலா என்பது சங்கத்தின் விதிமுறைப் புத்தகம்.) இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் உங்களுக்கு வேண்டிய பதில் அப்போதே கிடைத்துவிட்டது.

பதிவுச் சான்றிதழில் அமைப்பு எந்த வகை என்று பாருங்கள். அறக்கட்டளை என்றால் டிரஸ்ட் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் விதி. நான் இங்கே சொல்வது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் வரும் சங்கங்களுக்கு. அந்தச் சட்டப்படி சங்கம் தொடங்க ஏழு பேராவது வேண்டும். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒரு தடவை தேர்வானால் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. இருபது வருடமாக ஒருவரே தலைவர் என்றால் அதில் தப்பில்லை, நடுவில் தேர்தல் நடந்ததற்குத் தீர்மான நோட்டில் பக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பைலாவில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: சங்கத்தின் நோக்கம், கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள்) எத்தனை பேர், கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, செக்கில் யார் யார் கையெழுத்து. மற்றதை மெதுவாகப் படிக்கலாம்.

படி 2: உங்கள் பெயர் முறைப்படி ஏறட்டும்

தேர்வு செய்ததற்குத் தீர்மானம் எழுதி, குழுவில் நடந்த மாற்றத்தைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செயலாளர் செய்வார். செய்தாரா என்று நீங்கள் கேட்க வேண்டும், ஒரு நகலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

படி 3: கூட்டத்தில் உட்காரும் விதம்

கூட்டத் தேதியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் தேதி வைத்துவிட்டுக் கோரம் இல்லை என்று புலம்பும் சங்கங்கள் உண்டு. வயல்காரர்கள் வர முடியாத நாளில் கூடி முடிவெடுத்தால், அப்புறம் டீக்கடையில் இன்னொரு கூட்டம் நடக்கும். பொருள் நிரலை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். "இதர விஷயங்கள்" என்ற கடைசித் தலைப்பில் பெரிய செலவு வந்து விழுந்தால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

தீர்மான நோட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். "குளம் தூர்வாருவது பற்றி விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்து யாரும் எதையும் செய்துகொள்ளலாம். இப்படி இருக்க வேண்டும்: "கீழத்தெருக் குளத்தை மே மாதத்துக்குள் தூர்வார, ஜேசிபி வாடகை உட்பட ரூ.60,000-க்கு மிகாமல் செலவு செய்யச் செயலாளருக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது." முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் அதன் கீழே. எழுதி முடித்த இடத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வெற்று இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வருகைக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தீர்மானத்தை மறுநாள் எழுதும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லலாம். சண்டை போட வேண்டியதில்லை. கருத்து வேறுபாடு நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து நடந்தது. பெண்களுக்கு இடம் தரவில்லை என்று பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தனியாக ஒன்று நடத்தினார். 1940 வாக்கில்தான் எல்லோரும் ஒரே சபையாகக் கூடினார்கள். தியாகையருக்கே அந்தக் கதி.

படி 4: பணம்

வரவு என்றால் எண் அச்சிட்ட ரசீது, அடிக்கட்டையோடு. செலவு என்றால் வவுச்சர், பில்லோடு. 80ஜி ஒப்புதல் (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தருவது) உள்ள சங்கமாக இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு அந்த வரிச் சலுகை கிடையாது என்று கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அதே குளத்துக்கு வருவோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் தூர்வாரும் வேலை நடக்கும். அவசரத்தில் பில் ஒரே வரியில் வரும்: "ஜேசிபி வாடகை, 40 மணி நேரம்." ஜேசிபியில் மணி மீட்டர் உண்டு. தினமும் காலையில் என்ன எண், மாலையில் என்ன எண் என்று ஒரு நோட்டில் குறித்து, டிரைவரும் குழு உறுப்பினர் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 40-ஐ யாரும் சரிபார்க்கலாம். டிரைவர் பேட்டா தனி வவுச்சர். குளம் பஞ்சாயத்துடையதா, நீர்வளத் துறையுடையதா, வண்டல் மண் எடுக்க அனுமதி வாங்கியாயிற்றா என்ற காகிதங்களும் அதே ஃபைலில் இருக்கட்டும்.

அந்த ஜேசிபி செயலாளரின் மைத்துனருடையது என்று வையுங்கள். சின்ன ஊரில் இது நடக்கும், குற்றமும் இல்லை. ஆனால் உறவைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லி, வேறு இரண்டு பேரிடமும் விலை கேட்டு, அந்த முடிவில் செயலாளர் ஒதுங்கியிருந்தார் என்று நோட்டில் ஏற வேண்டும். நாளைக்கு உங்கள் மைத்துனர் என்றாலும் இதுவே முறை. உத்திரமேரூர் டெல்டாவில் இல்லைதான், ஆனாலும் தஞ்சைச் சோழர் காலத்துக் கல்வெட்டு அது: முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதியில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய உறவுக்காரர்கள் பெயரையும் கூடாது.

புயல் நிவாரணம் வந்தால் இன்னும் கவனம். 2018 கஜாவுக்குப் பிறகு வெளியூரிலிருந்து லாரி லாரியாகப் பொருள் இறங்கியது. தார்ப்பாய், அரிசி, போர்வை எதுவானாலும் பணம் போலத்தான்: வந்தது எவ்வளவு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது, மிச்சம் எங்கே என்று இருப்புப் பதிவேடு வேண்டும். மின்சாரம் இல்லாத ராத்திரியில் நோட்டும் பேனாவும் போதும்.

படி 5: வருடாந்திர வேலை

கணக்கு ஆண்டு மார்ச்சில் முடிகிறது. அடுத்த ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட வேண்டும். கணக்குகள் பதிவாளருக்குப் போக வேண்டும். வருமான வரிக் கணக்கு தனி, அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். செப்டம்பர் கடைசியில் குறுவை அறுவடையோடு மோதாமல், ஆகஸ்டிலேயே பொதுக்குழுவை வைத்துவிடுவது நல்லது. அதற்கு ஜூனில் பில்கள் ஆடிட்டர் கைக்குப் போயிருக்க வேண்டும். தாக்கல் செய்யாமல் வருடக்கணக்கில் விட்ட சங்கங்கள், பிறகு தாமதத்தைப் பொறுத்தருளச் சொல்லி மனுப் போட்டு அலைகின்றன.

படி 6: விலகுவதென்றால்

வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினால் செயற்குழுவிலிருந்து வெளியேறியதாக ஆகாது. தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். உங்களிடமுள்ள ரசீது புத்தகம், செக் புத்தகம், பீரோச் சாவி எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். விலகலை ஏற்ற தீர்மானமும் புதிய படிவம் 7-உம் தாக்கலான நகல் உங்கள் கைக்கு வந்த பிறகுதான், வங்கிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் நீங்கள் வெளி ஆள்.