ஜெல்லை நம்பிப் பொங்கலுக்குப் போனோம்: பிரிட்டனின் குளிர்கால வாந்தி நோய் பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு

பிரிட்டனில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வது, வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி இடம் ஆகியவற்றை உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நர்சரியிலும் பள்ளியிலும் முதியோர் இல்லங்களிலும் சுற்றிவந்து இந்த வாந்தி நோயை உண்டாக்கும் நோரோவைரஸைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அறியாமையால் துன்பப்பட்டவர் நாங்கள் அல்லர், எங்களை விருந்துக்கு அழைத்த தோழியின் தாயார். அதனால்தான் இன்றும் இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனம் கனக்கிறது.

முதலில் நோயை இனம்காணும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, மாலையில் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் பீய்ச்சியடிப்பதைப் போல வாந்தி எடுக்கும். சில மணி நேரத்தில் நீராகப் பேதி தொடங்கும். இலேசான காய்ச்சலும், வயிற்றுப் பிடிப்பும், கைகால் உளைச்சலும் இருக்கலாம். பேதியில் இரத்தம் இருக்காது. ஊரில் என்றால் "நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்றோ, பல் முளைக்கிறது என்றோ, கண் பட்டுவிட்டது என்றோ சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்திருப்போம். நாங்களும் கடைசியாகச் சாப்பிட்ட பிரியாணியைத்தான் குற்றம் சொன்னோம். இந்த வைரஸ் உடலுக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்துக்குள் நோய் வெளிப்படுகிறது என்பதால், கடைசியாக உண்ட உணவைவிட, முந்தைய நாள் யாரோடு இருந்தோம் என்று யோசிப்பதே பயன் தரும். நர்சரியில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி என்று கேள்விப்பட்டாலோ, வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தாலோ, நோரோவைரஸ் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

எங்கள் மகனுக்கு ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு இப்படித் தொடங்கியது. அப்போது லண்டனின் ஈஸ்ட்ஹாமில் மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வீட்டில், ஒரே ஒரு கழிப்பறையோடு இருந்தோம். கார்ப்பெட்டில் விழுந்ததை டிஷ்யூவால் துடைத்தேன். பிறகு கைகளில் சானிடைசர் ஜெல்லைத் தடவிக்கொண்டேன். கொரோனா காலத்தில் திருச்சியில் என் மாமனார் மாமியாரை அந்த ஜெல்தான் காப்பாற்றியது என்ற நம்பிக்கை எனக்கு ஆழமாக இருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலோடு வாந்தி நின்றது. சனிக்கிழமை மதியம் தோழி வீட்டில் பொங்கல் விருந்து. ஊரை விட்டு வந்த பிறகு எங்களுக்கு அதுதான் முதல் பொங்கல். கரும்பு வாங்கி வைத்திருப்பதாக அவள் சொன்னபோதே என் கண் கலங்கிவிட்டது. பிள்ளை தெளிந்துவிட்டான் என்று எண்ணிப் போனோம். நான் ஜெல் தடவிய கையோடு வடை தட்டினேன், பரிமாறினேன். ஞாயிறு இரவுக்குள் அந்த வீட்டில் நான்கு பேர் படுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மதுரையிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த தோழியின் அம்மா. சர்க்கரை நோயாளி, வயது 68. செவ்வாய்க்கிழமை கழிப்பறைக்குப் போகும் வழியில் தலை சுற்றி விழுந்தார். இரண்டு இரவுகள் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறியது. "அக்கா, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று தோழி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நான் செய்த தவறு இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது ஜெல். கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துவிடுவதால் வைரஸ் செயலிழக்கிறது. நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. புரதக் கூடு மட்டும்தான். அதனால் ஆல்கஹால் ஜெல்லை நம்பி இதை ஒழிக்க முடியாது. புட்டியின் மேல் 99.9 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டு, விரல் இடுக்கும் நகக்கண்ணும் விடாமல், 20 விநாடிகள் தேய்த்து, ஓடும் நீரில் கழுவுவதே வழி. சோப்பும் இந்த வைரஸைக் கொன்றுவிடுவதில்லை. கையிலிருந்து பெயர்த்து நீரோடு போகச் செய்கிறது. நூற்றுக்கும் குறைவான துகள்கள் வாய்க்குள் போனாலே நோயை உண்டாக்கப் போதும் என்பதால், பெயர்த்துக் கழுவிவிடுவது மிகவும் முக்கியம். கையால் பிசைந்து ஊட்டுகிறவர்கள் நாம். கழிப்பறையில் நீரால் கழுவிக்கொள்கிறவர்களும் நாம். இரண்டுமே நல்ல வழக்கங்கள்தான், ஆனால் பகிர்ந்து வாழும் வீட்டில் அந்தக் குவளையின் கைப்பிடியையும் குழாயின் திருகையும் எத்தனை கைகள் தொடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நோயாளிக்குத் தனிக் குவளையும் தனித் துண்டும் வையுங்கள்.

இரண்டாவது, வாந்தி நின்றால் நோய் போய்விட்டது என்று எண்ணியது. இந்த நாட்டில் விதி தெளிவாக இருக்கிறது: கடைசி வாந்தியிலிருந்தோ கடைசிப் பேதியிலிருந்தோ, எது பின்னால் வந்ததோ அதிலிருந்து, முழுமையாக 48 மணி நேரம் கழியும்வரை பள்ளிக்கோ நர்சரிக்கோ வேலைக்கோ போகக் கூடாது, பிறருக்குச் சமைக்கக் கூடாது, மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இருப்பவர்களைப் பார்க்கப் போகக் கூடாது. நாங்கள் விருந்துக்குப் போனபோது ஏறத்தாழ 24 மணி நேரமே ஆகியிருந்தது. நோய் நீங்கிய பிறகும் மலத்தில் வைரஸ் பல நாட்கள் வெளியேறிக்கொண்டிருப்பதால், 48 மணி நேரம் கழிந்த பின்னும் கை கழுவுவதில் தளர்ச்சி வேண்டாம். முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளராக வேலை செய்யும் நம்மவர்களுக்கு ஒரு ஷிஃப்ட் கைவிட்டுப் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குத் தெரியும். தோழியின் கணவரும் அந்த வேலையில்தான் இருக்கிறார், அந்த வாரச் சம்பளத்தில் பாதியை இழந்தார். இருந்தாலும், அங்கே இருக்கும் முதியவர்களும் யாரோ ஒருவருடைய அம்மா அப்பாதான். காரணத்தை மேலாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏழு நாட்கள் வரையிலான விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும்.

சுத்தம் செய்யும்போது ஒருமுறை பயன்படுத்தி எறியும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாந்தியைக் காகிதத்தால் அள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, சோப்பு நீரால் துடைத்து, பிறகு பிளீச் கலந்த நீரைப் புட்டியில் எழுதியுள்ள அளவில் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். பிளீச்சை வேறு எந்தக் கழிப்பறை அமிலத்தோடும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கார்ப்பெட்டில் பிளீச் நிறத்தை எடுத்துவிடும். அங்கே சோப்பு நீரும் சூடான ஆவியும் நல்லது. அழுக்கான துணிகளையும் விரிப்புகளையும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் 60 டிகிரியில் துவையுங்கள். கழிப்பறையின் மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். கதவுப்பிடி, விளக்கு ஸ்விட்ச், கைப்பேசி ஆகியவற்றைத் துடைக்க நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

மருந்து என்று இதற்குத் தனியாக எதுவும் இல்லை. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுக்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கானது, வைரஸை ஒன்றும் செய்யாது. பேதியை நிறுத்தும் மாத்திரையை 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. தேவை நீர்தான். பார்மசியில் டயோரலைட் என்று கேளுங்கள்; நம் ஊர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டேதான் அது, ஒரு பாக்கெட்டை 200 மில்லி நீரில் கலக்க வேண்டும். மடக்மடக்கென்று கொடுத்தால் திரும்பி வந்துவிடும்; சில நிமிடங்களுக்கு ஒரு கரண்டியாகக் கொடுங்கள். பழச்சாறும் சோடாவும் பிள்ளைகளுக்குப் பேதியை அதிகமாக்கும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பசி எடுக்கும்போது நம் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி தாராளமாகக் கொடுக்கலாம். வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை.

ஊரில் தெருமுனை டாக்டரிடம் ஓடிப்போய் ஓர் ஊசி போட்டுக்கொள்வதைப் போல இங்கே ஜி.பி. அறைக்கு நேரே போகாதீர்கள். காத்திருக்கும் எல்லோருக்கும் தொற்றும். 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள், ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். குழந்தைக்கு நாப்கின் நனைவது குறைந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், உச்சிக்குழி உள்வாங்கினாலும், குடித்தது எதுவும் தங்காவிட்டாலும், பேதியில் இரத்தம் தெரிந்தாலும், வாந்தி இரண்டு நாளையோ பேதி ஏழு நாளையோ தாண்டினாலும் தாமதிக்காமல் அழையுங்கள். வாந்தியில் இரத்தமோ காபித்தூள் போன்ற நிறமோ பச்சை நிறமோ இருந்தால், அல்லது கழுத்து விறைத்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனால், 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். பெற்றோர் வந்து தங்கியிருந்தால் அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை மருந்துகளையும் சில இரத்த அழுத்த மருந்துகளையும் உடலில் நீர் வற்றும் வேளையில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள்; நீங்களாகவே முடிவு செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள். தோழியின் அம்மா மூன்று நாட்களும் எதுவும் உண்ணாமல் தம் மாத்திரைகளை மட்டும் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒருமுறை வந்தவர்களுக்கும் இந்த வைரஸின் வேறொரு வகை மறுபடி வரலாம். எங்களுக்கு அடுத்த ஆண்டே வந்தது, அதுவும் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. இந்த முறை உடனே தோழியை அழைத்து, மகனுக்கு வாந்தி தொடங்கிவிட்டது, நாங்கள் வரவில்லை என்று சொன்னேன். பொங்கலன்று மாலை அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தபோது வாசற்படியில் ஒரு தூக்குப்பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலும், அதன்மேல் ஒரு கரும்புத் துண்டும் இருந்தன. அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் குளிரில் நின்றுகொண்டு, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற என் மகனுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திரத்தைச் சுடுநீரில் நன்றாகத் தேய்த்து வைத்திருந்து, 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.