உணவுக்குழாய்ப் புற்றுநோய்: ரிப்போர்ட்டில் கட்டியின் அளவை எப்படிப் படிப்பது?

கதிர்வீச்சுப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அப்பாவுக்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, அழைத்து வரும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், கட்டி எத்தனை சென்டிமீட்டர்? பிழைச்சுக்குவாரா?" சென்டிமீட்டரை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டை முழுதாகப் படிக்க வேண்டும்.

முதலில் எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியாக ஸ்கோப் குழாயை விட்டுப் பார்ப்பது. "28 முதல் 34 செ.மீ. வரை" என்று போட்டிருந்தால் 34 செ.மீ. கட்டி என்று பயந்துவிடாதீர்கள். உணவுக்குழாயே மொத்தம் 25 செ.மீ. அளவுதான். அந்த எண்கள் முன்பல்லிலிருந்து அளந்த தூரம். கழித்துப் பாருங்கள், நீளம் 6 செ.மீ. அடைப்பால் ஸ்கோப் கீழே இறங்காவிட்டால் அடிமுனையை சி.டி.யில்தான் பார்க்க வேண்டும். சி.டி. நீளமும் ஸ்கோப் நீளமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரு வாரத்தில் கட்டி வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்து ஆழம். 1987-க்கு முன்பு 5 செ.மீ.யைத் தாண்டியதா என்று பார்த்தும் நிலையைக் குறித்தார்கள். இப்போது ஆழமே கணக்கு. ரிப்போர்ட்டில் டி (T) என்ற எழுத்து அதைக் காட்டும். டி1 என்றால் உள்சவ்வோடும் அதற்கு அடுத்த படலத்தோடும் நிற்கிறது, டி2 தசை வரை, டி3 வெளியுறை வரை, டி4 பக்கத்து உறுப்புகளுக்குள். கூடவே 'என்' (N) என்ற எழுத்தையும் பாருங்கள். என்0 (N0) என்றால் நெறிக்கட்டியில், அதாவது நிணநீர் முடிச்சில், நோய் தெரியவில்லை.

அப்படியானால் நீளத்துக்கு மதிப்பில்லையா? இருக்கிறது. நீளமான கட்டி பெரும்பாலும் ஆழமாகவும் போயிருக்கும், நெறிக்கட்டிக்கும் பரவியிருக்கும். கதிர் அழிக்க வேண்டிய செல்களும் அதிகம். 2012-இல் வெளிவந்த கிராஸ் (CROSS) என்ற ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் தாண்டிய கட்டிகளை அவர்கள் சேர்க்கவே இல்லை. உங்கள் அப்பாவின் கட்டி அதைவிட நீளம் என்றால், அந்தப் பலனை அப்படியே எதிர்பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கதிர்வீச்சைத் திட்டமிட எடுக்கும் பிளானிங் சி.டி.யில் குறித்த கட்டியின் கன அளவையும் கேளுங்கள். ஒரே 6 செ.மீ. நீளத்தில் ஒருவருக்கு மெல்லிய சுவர், இன்னொருவருக்குத் தடித்த உருண்டை. இரண்டும் ஒன்றல்ல.

"பெரிய கட்டிதானே, கரண்ட்டைக் கூட்டி வைக்கச் சொல்லுங்க" என்று கெஞ்சுவார்கள். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வோம். 50.4 கிரேயையும் 64.8 கிரேயையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று, கூட்டியதால் ஆயுள் கூடவில்லை. கீமோவைச் சேர்ப்பதுதான் பலன் தந்தது. அமெரிக்காவில் நடந்த பழைய ஆய்வு ஒன்றில் 64 கிரே கதிர் மட்டும் பெற்றவர்களில் 5 ஆண்டு தாண்டியவர் யாருமில்லை. 50 கிரேயோடு கீமோவும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அப்பாவின் உடம்பு கீமோவைத் தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உடம்பு தாங்குவதற்கு எடை முக்கியம், அது வீட்டார் கையில் இருக்கிறது. வாராவாரம் ஒரே மெஷினில் எடை பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் விழுங்கும்போது எரியும், வலிக்கும். அது கதிரால் வந்த புண், கட்டி வளர்வதல்ல. வலி மருந்து கேட்டு வாங்கி, சாப்பாட்டுக்கு முன் கொடுங்கள். மிளகு ரசம், சூடான காபி வேண்டாம். ஆறின சத்துமாவுக் கஞ்சியில் நெய் விட்டு, குழைவான முட்டையோடு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். அதுவும் இறங்காவிட்டால் மூக்கு டியூப்புக்குச் சம்மதியுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், எடை சரிந்தபின் மீட்பது மிகக் கடினம்.

வீட்டு விசேஷம் என்று நடுவில் நாள் விடாதீர்கள், இடைவெளியில் கட்டி மறுபடி வளரும். தண்ணீர் குடித்தவுடன் புரையேறி இருமல் வந்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே வாருங்கள்.

கரண்ட் முடிந்த மறுவாரமே ஸ்கேன் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். வீக்கம் வற்றாததால் கட்டி அப்படியே இருப்பதுபோலத் தெரியும். டாக்டர் சொல்லும் தேதிக்கு, பழைய எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவை இருந்தால்தான் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.