நெடுந்தூரக் கார் பயணத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

பல நாட்கள் நீளும் சாலைப் பயணத்திற்கு முதன்முறையாகப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, படிப்பு கெட்டுவிடுமே என்ற கவலையில் ஆறு பயிற்சிப் புத்தகங்களைப் பையில் அடுக்கி எடுத்துச் சென்றேன். கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கணக்குப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே என் இளைய மகள் வாந்தி எடுத்துவிட்டாள். அதன்பின் பயணம் முடியும்வரை அந்தப் புத்தகங்கள் டிக்கியை விட்டு வெளியே வரவில்லை. வேறு வழியில்லாமல் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தவற்றைக் கொண்டே நாட்களை ஓட்டினோம். ஊர் திரும்பியபோது பிள்ளைகளின் நோட்டில் இருந்தவற்றைப் பார்த்தபின், பயிற்சிப் புத்தகம் சுமப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். அடுத்தடுத்த பயணங்களில் திருத்திக்கொண்ட முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். ஏறத்தாழ 6 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: ஓடும் வண்டியில் வாசிக்கவோ எழுதவோ சொல்லாதீர்கள்

உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, வண்டி குலுங்குவதையும் திரும்புவதையும் உடனுக்குடன் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. மடியில் இருக்கும் புத்தகத்தில் பதிந்த கண்களோ, எதுவும் அசையவில்லை என்று சொல்கின்றன. இந்த இரண்டு செய்திகளும் முரண்படுவதால்தான் குமட்டல் வருகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கைக்குழந்தைகளுக்கு இது அரிது. 2 வயதுக்கு மேல் 12 வயதுவரை உள்ளவர்களுக்குத்தான் தொல்லை அதிகம், அதாவது நாம் பாடம் சொல்லித்தர நினைக்கும் அதே வயதினருக்கு. டேப்லெட்டில் பாடம் பார்த்தாலும் நிலைமை இதுதான்.

பிள்ளை திடீரெனப் பேச்சைக் குறைத்தாலோ, அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, முகம் வெளிறி வியர்த்தாலோ, அந்த நிமிடமே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தொலைவில் உள்ள மலையையோ அடிவானத்தையோ பார்க்கச் சொல்லி ஜன்னலைச் சற்றுத் திறந்துவிடுங்கள். ஆகவே, வண்டி ஓடும்போது கண்ணுக்கு வேலை வெளியே, காதுக்கும் வாய்க்கும் வேலை உள்ளே. எழுத்து வேலை முழுவதும் வண்டி நின்றபின்தான்.

படி 2: ஒரு சிறிய பையை மட்டும் தயார் செய்யுங்கள்

ஆளுக்கொரு கோடு போடாத நோட்டு, கெட்டி அட்டை போட்டதாக இருக்கட்டும். பென்சிலை நூலால் நோட்டிலேயே கட்டிவிடுங்கள். இருக்கை இடுக்கில் விழுந்த பென்சிலைத் தேடுவதில் கழிந்த நேரத்திற்குக் கணக்கே கிடையாது. இவற்றுடன் அளவுநாடா, நூல்கண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, திசைகாட்டி, காகித வரைபடம் ஆகியவை போதும். வண்ணம் தீட்ட வண்ணப் பென்சில்களையே எடுத்துக்கொள்ளுங்கள், மெழுகுக் கிரேயான்கள் வேண்டாம். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் அவை உருகி, இருக்கைத் துணியில் நான்கு நிறங்களில் இறங்கியதைச் சுரண்டி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

கனமான, கூர்மையான எதுவும் இருக்கையின் மேல் தளர்வாகக் கிடக்கக் கூடாது. சட்டென பிரேக் பிடிக்கும்போது வண்டி நின்றாலும் பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும்; சீட் பெல்ட் எதற்காக என்பதற்கும் இதே விளக்கம்தான் என்பதால், முதல் நாளின் முதல் பாடமாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

படி 3: ஓட்டுபவர் ஆசிரியராக இருக்கக் கூடாது

இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. பின்னால் திரும்பி விடையைச் சரிபார்க்க இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 44 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருப்போம். பெரிய பிள்ளையிடம் இந்தக் கணக்கையே கொடுத்துப் போடச் சொல்லுங்கள், அதன்பின் ஓட்டுபவரை அவர்களே தொந்தரவு செய்யமாட்டார்கள். வண்டியில் பெரியவர் ஒருவர் மட்டுமே இருந்தால், ஒலிக்கதைகளோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை வண்டியை நிறுத்தும் இடங்களுக்கு ஒத்திவைப்பதே நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் கிளம்பியபின் வரும் முதல் இரண்டு மணி நேரம்தான் பிள்ளைகள் தெளிவாக இருக்கும் நேரம். மதிய உணவுக்குப் பின் எதையும் திட்டமிடாதீர்கள்.

படி 4: ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கணக்கு, அறிவியல், வரலாறு எனக் கால அட்டவணை போட்டால் இரண்டாம் நாளே அது சிதறிவிடும். அதற்குப் பதிலாக, அன்றைய சாலையில் விடை காணக்கூடிய ஒரு கேள்வியை முந்தைய இரவே முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, “நம் கார் காட்டும் வேகம் உண்மையா?” என்பது.

செய்முறை எளிது. கிலோமீட்டர் கற்களோ தூரப் பலகைகளோ ஒழுங்காக இருக்கும் நேரான, நெரிசலற்ற சாலை வரும்போது, ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சீராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்லைத் தாண்டும் கணத்தில் பிள்ளை கைபேசியின் ஸ்டாப்வாட்சைத் தட்டி, அடுத்த கல் வந்ததும் நிறுத்தட்டும். 3600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும்: 60 விநாடி என்றால் 60, 50 விநாடி என்றால் 72, 45 விநாடி என்றால் 80. 3600 எங்கிருந்து வந்தது என்று கேட்கும்வரை நீங்களாக விளக்க வேண்டாம், எப்படியும் கேட்பார்கள்.

அன்று என் மகள் எடுத்த அளவு சரியாக 60 விநாடி. முன்னிருக்கையில் இருந்த நான் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து 64 என்றேன். தன் விரல்தான் பிந்திவிட்டதென எண்ணி மீண்டும் அளந்தாள், மீண்டும் 60-ஐ ஒட்டியே வந்தது. “அம்மா, நம்ம கார் பொய் சொல்லுது” என்றாள். அவள் சொன்னது ஒருவகையில் சரிதான். பல நாடுகளின் வாகன விதிகளின்படி, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், குறைவாக மட்டும் காட்டவே கூடாது. அதனால் தயாரிப்பாளர்கள் அதைக் கூடுதல் பக்கமாகவே அமைத்துவிடுகிறார்கள்.

மூத்தவனுக்கு இதே சோதனையில் அடுத்த கட்டம் ஒன்று கிடைத்தது. ஸ்டாப்வாட்சைத் தட்டுவதில் அரை விநாடி பிசகினால் விடை எவ்வளவு மாறும்? ஒரு கிலோமீட்டரை 60-க்குப் பதில் 60.5 விநாடி என்று அளந்துவிட்டால் வேகம் 59.5 ஆகிவிடுகிறது. அதே அரை விநாடிப் பிசகு ஐந்து கிலோமீட்டர் தூரத்திற்கு, அதாவது 300 விநாடியில் நேர்ந்தால், விடையில் ஏற்படும் மாற்றம் 0.1 மட்டுமே. அளவுப் பிழையைக் குறைக்க நீண்ட தூரத்தை அளக்க வேண்டும் என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னபோது, ஆய்வகம் ஏதும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் இதில் கல்லை முதலில் கண்டு கத்தும் வேலையைச் செய்யலாம், அதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

படி 5: சாலையே தரும் கேள்விகளைக் கைவசம் வைத்திருங்கள்

நண்பகல் வெயிலில் தார்ச்சாலையின் தொலைவில் தண்ணீர் தேங்கியதுபோல் தெரியும். அருகில் சென்றால் இருக்காது. சூடான சாலையை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு மேலுள்ள காற்றைவிட அடர்த்தி குறைந்து இருப்பதால், வானத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி அங்கே மேல்நோக்கி வளைந்து நம் கண்ணை அடைகிறது. தண்ணீராகத் தெரிவது உண்மையில் வானத்தின் பிம்பம். விளக்கத்தைச் சொல்வதற்கு முன், எத்தனை தூரத்தில் அது மறைகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

மலைப்பாதை வந்தால் விடவே விடாதீர்கள். உச்சியில் குடித்து முடித்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியை அங்கேயே இறுக மூடி, பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். அடிவாரத்திற்கு வருவதற்குள் யாரும் தொடாமலே அது நசுங்கத் தொடங்கியிருக்கும். 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். புட்டிக்குள் அடைபட்டிருப்பது அந்த மெலிந்த காற்று, வெளியிலிருந்து அமுக்குவதோ கீழுள்ள கனத்த காற்று. காது அடைப்பதும் இதே காரணத்தால்தான் என்று அவர்களே இணைத்துப் பார்ப்பார்கள்.

நிலா கூடவே ஓடி வருகிறதே என்பது சிறு குழந்தைகளின் நிரந்தரக் கேள்வி. கட்டைவிரலை முகத்தருகே பிடித்து, ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறி மூடச் சொல்லுங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கும். கையை முழுதும் நீட்டிச் செய்தால் குதிப்பு குறையும். சாலையோர மரம் அருகில் பிடித்த விரலைப் போன்றது, சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலாவுக்கு நாம் கடந்த சில கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

படி 6: காதையும் நாவையும் பயன்படுத்துங்கள்

ஒலிக்கதைகளை ஹெட்போனில் தனித்தனியாகக் கேட்பதைவிட, எல்லோரும் ஒன்றாகக் கேட்பதே மேல். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று விவாதிக்க முடிவது அப்போதுதான். ஒரு சொல் முடியும் எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் அந்தாதி விளையாட்டு, விடுகதை, பெயரைச் சொல்லாமல் ஒரு பொருளை வருணிப்பது ஆகியவை சொல்வளத்தைப் பெருக்கும். முன்னே செல்லும் வண்டியின் எண்ணைக் கொண்டு, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 9-ஆல் வகுபடுமா என்று பார்ப்பதும் நல்ல விளையாட்டு. இலக்கங்களின் கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். அரைமணி நேரத்திற்கு மேல் எதையும் இழுக்க வேண்டாம்.

படி 7: வண்டி நிற்கும் இடத்தில் கைவேலை

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது நிறுத்துவது உடம்புக்கும் நல்லது, பாடத்திற்கும் நல்லது. முதலில் ஓடவிடுங்கள், பிறகு நோட்டைக் கொடுங்கள்.

வெயில் இருந்தால், சாலையிலிருந்து விலகிய சமதரையில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். 15 நிமிடம் கழித்து நகர்ந்த நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டையும் சேர்க்கும் கோட்டைத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், நண்பகலை ஒட்டிய நேரத்தில் செய்தால் ஓரளவு நன்றாகவே பொருந்தும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது என்பதைப் பாடநூலில் படித்த பிள்ளைக்கு, அந்தக் கல் இடைவெளி வேறொரு பொருளைத் தரும்.

வரைபடத்தில் அன்று சென்ற பாதையின் வளைவுகள் மேலேயே நூலை வைத்து, பிறகு நேராக நீட்டி அளக்கச் சொல்லலாம். 1:10,00,000 அளவுத்திட்டம் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர். ஓடோமீட்டர் காட்டும் தூரம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சிறிய வரைபடத்தில் சின்னச் சின்ன வளைவுகள் காணாமல் போய்விடுகின்றன.

வடகோளத்தில் பயணம் செய்பவர்களுக்கு இரவு வேலை ஒன்று உண்டு. அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, அதுவே ஏறத்தாழ அந்த இடத்தின் அட்சரேகை. கையை முழுதும் நீட்டி, விரல்களை மடக்கிப் பிடித்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. வடக்கே சுமார் 111 கிலோமீட்டர் சென்றால் நட்சத்திரம் ஒரு பாகை உயரும் என்பதால், சில நாட்கள் தொடர்ந்து வடக்கே செல்பவர்கள் முட்டிகளை எண்ணியே வித்தியாசத்தை உணரலாம்.

படி 8: இரவில் பத்து நிமிடம் நோட்டு

தூங்கும் முன், நோட்டைத் திறக்காமல், அன்றைய கேள்வியும் விடையும் என்ன என்று பிள்ளை தானே சொல்லட்டும். அதன்பின் ஒரு படம், மூன்று வரி, ஓர் எண். இவ்வளவு எழுதினால் போதும், எழுத்துப்பிழையை அன்று திருத்த வேண்டாம். மறுநாள் காலையிலும், மூன்று நாள் கழித்தும் அதே கேள்வியைப் பேச்சுவாக்கில் மீண்டும் கேளுங்கள். புதிதாகக் கற்றது தொடக்கத்தில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் மேலேயே சோதித்து 1885-இல் வெளியிட்டார். இடைவெளி விட்டு நினைவுகூர்வது அந்தச் சரிவைத் தடுக்கிறது.

படி 9: பள்ளிப் பாடத்திற்குத் தனி நேரம்

பயணம் பள்ளி நாட்களில் வந்தால், கிளம்பும் முன்பே ஆசிரியரைச் சந்தித்து, கட்டாயம் முடிக்க வேண்டியவை எவை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் பாடத்திட்டத்தையும் வாங்கி வராதீர்கள். அந்த வேலையைத் தங்கும் இடத்தில், காலையில், கிளம்பும் முன் அரைமணி நேரம் மேசையில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். வண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் முதல் படியில் சொன்ன குமட்டலுக்கே திரும்புவோம். ஆறு புத்தகங்கள் இருந்த இடத்தில் இப்போது நான் எடுத்துச் செல்வது, ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் ஒரு தாளையும் அதில் குறித்த பக்கங்களின் நகலையும் மட்டுமே.